உஷார்! 1-800 எண்ணை விலை பேசுகிறார்கள்

அமெரிக்காவில் மளிகைக் கடையோ, கன்சல்டன்சியோ, வரிக் கணக்கு அலுவலகமோ நடத்துகிறீர்களா? அங்கே தொழில் தொடங்கக் கிளம்பியிருக்கும் மகனோ மருமகளோ உங்கள் வீட்டில் உண்டா? அப்படியானால் இதைப் படித்துவிட்டு மறுவேலை பாருங்கள்.

‘உங்கள் தொழிலுக்கென்றே அமைந்த 1-800 எண் எங்களிடம் இருக்கிறது. இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கே முடித்தால் இந்த விலை. நாளைக்கு உத்தரவாதம் இல்லை.’ இப்படித்தான் மின்னஞ்சல் வரும், அல்லது போனில் பேசுவார்கள். எண் கவர்ச்சியாகத்தான் இருக்கும். எழுத்தாகப் படித்தால் நீங்கள் விற்கும் பொருளின் பெயரே வரும். ஒரே முறை பணம் கட்டினால் ஆயுளுக்கும் உங்களுடையது என்பார்கள்.

பணத்தை அனுப்பிவிடாதீர்கள். கட்டணமில்லா எண்ணை விற்கும் நோக்கத்தில் வாங்கி வைப்பதற்கே அமெரிக்க விதிகளில் தடை இருக்கிறது. விற்பவருக்கு அந்த எண் சொந்தமில்லை. காசு கொடுத்தாலும் உங்களுக்குச் சொந்தமாகாது. புறம்போக்கு நிலத்தில் கல் நட்டுவிட்டு ‘கிரயம் பண்ணித் தருகிறேன், வாருங்கள்’ என்று கூப்பிடுவது போன்ற வியாபாரம் இது.

எண் யாருடையது?

1967-ல் ஏடி அண்ட் டி நிறுவனம் 800 சேவையைக் கொண்டுவந்தது. அழைப்பவருக்குச் செலவில்லை, அழைக்கப்படுபவர் காசு கட்டுவார் என்பதுதான் ஏற்பாடு. அப்போதெல்லாம் எண் தொலைபேசி நிறுவனத்தோடு கட்டுண்டு கிடந்தது. நிறுவனத்தை மாற்றினால் எண்ணும் போய்விடும். 1993 மே மாதம் இந்த நிலை மாறியது. எந்த நிறுவனத்துக்குப் போனாலும் பழைய எண்ணையே கொண்டுபோகலாம் என்றானது. அதுவரை ஒரு வசதியாக மட்டும் இருந்த எண், அன்றிலிருந்து வியாபாரத்தின் முகவரியாகிவிட்டது. தேவை எகிறியது.

800-ல் தொடங்கும் எண்கள் மொத்தமே சுமார் 80 லட்சம்தான். 1995-ல் அவை தீர்ந்துபோகும் நிலை வந்தது. அந்த ஆண்டு ஜூனில், வாரத்துக்கு இவ்வளவுதான் என்று ரேஷன் முறையில் எண்களை வழங்க வேண்டியதாயிற்று. 1996-ல் 888 வந்தது. பிறகு 877, 866, 855, 844 என்று வரிசை நீண்டு, 2017-ல் 833-ம் சேர்ந்துகொண்டது.

பற்றாக்குறை வந்தால் பதுக்கலும் கூடவே வரும். எனவே 1997 ஏப்ரலில் அமெரிக்காவின் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. மூன்று செயல்களுக்குத் தடை போட்டது. எண்களைப் பதிந்து கொடுக்கும் உரிமை பெற்ற ‘ரெஸ்ப்ஆர்க்’ நிறுவனங்கள், வாடிக்கையாளர் இல்லாமலே எண்களைக் கிடங்கில் போட்டு வைக்கக் கூடாது. எண் வாங்கும் சந்தாதாரர், தனக்குத் தேவையானதைவிட அதிகமாகப் பதுக்கக் கூடாது. விற்கும் நோக்கத்தோடு யாரும் எண்ணைப் பெறக் கூடாது. மூன்றாவதுதான் தரகு. அந்த மின்னஞ்சல்காரர் செய்வது அதைத்தான்.

இந்த விதியில் ஒரு கிடுக்கிப்பிடியும் உண்டு. பல எண்கள் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்தால், அவர் பதுக்குகிறார் அல்லது தரகு பார்க்கிறார் என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. எண்கள் பொதுச் சொத்து. வரிசையில் முதலில் வந்தவருக்கு, பயன்படுத்துவதற்காக மட்டும் என்பதே அடிப்படை. பதிவேட்டை நிர்வகிப்பது சோமாஸ் என்ற நிறுவனம்.

விதிவிலக்குகளைக் காட்டி மயக்குவார்கள்

‘விற்கலாம் என்று சட்டமே சொல்கிறதே’ என்று தரகர் வாதாடலாம். பாதி உண்மை. முழுப் பொய்யைவிட இந்தப் பாதி உண்மைதான் ஆளைக் கவிழ்க்கும்.

833 எண்கள் அறிமுகமானபோது, ஒரே எண்ணுக்குப் பலர் போட்டி போட்டார்கள். அப்படிப்பட்ட சுமார் 17,000 எண்களை எஃப்.சி.சி. தனியே எடுத்து வைத்து, 2019 டிசம்பரில் ஏலம் விட்டது. ஏலத்தில் எடுத்த எண்ணை மறுபடி விற்கலாம் என்று 2018-லேயே விதியைத் திருத்தியிருந்தார்கள். ஆகவே ஏலத்தில் போன 833 எண்ணை ஒருவர் உங்களுக்கு விற்றால் அது சட்டப்படி செல்லும். அந்தச் சலுகையைக் காட்டி 1-800 எண்ணையோ 1-888 எண்ணையோ உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் செல்லாது.

இன்னொன்றும் சொல்வார்கள். ஒரு தொழிலையே ஒருவர் விற்கும்போது, கடை, சரக்கு, பெயரோடு சேர்ந்து அதன் எண்ணும் கைமாறுவது உண்டு. அது நியாயமான கைமாற்றம். கடையும் இல்லை, சரக்கும் இல்லை, எண் மட்டும் இருக்கிறது என்றால் அது தரகுதான். ‘தொழில் விற்பனை’ என்று ஒப்பந்தத்தின் தலைப்பில் எழுதிவிட்டால் விஷயம் மாறிவிடாது.

வாடகை எண்: மெதுவாக இறுகும் சுருக்கு

விற்றால்தானே வம்பு, வாடகைக்கு விடுவோம் என்று வேறொரு கூட்டம். மனத்தில் பதியும் ஒரு 1-800 எண்ணை ஒரு நிறுவனம் வைத்திருக்கும். டெக்சாஸிலிருந்து வரும் அழைப்பு ஒரு வக்கீலுக்கு, நியூ ஜெர்சியிலிருந்து வரும் அழைப்பு இன்னொரு வக்கீலுக்கு என்று ஊர் பிரித்துக் கொடுக்கும். மாதா மாதம் வாடகை. நேர்மையாக இதை நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள்.

வேனில் எழுதுவது நீங்கள். வானொலியில் விளம்பரம் கொடுப்பது நீங்கள். காலண்டர், துணிப்பை, ரசீதுப் புத்தகம் என்று எல்லாவற்றிலும் அச்சடித்து ஊர் முழுக்க அந்த எண்ணைப் பரப்புவதும் நீங்கள். ஐந்து வருடம் கழித்து வாடகையை இரட்டிப்பாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்று விலகினால், மறுநாள் காலை உங்கள் வாடிக்கையாளர்களின் அழைப்பெல்லாம் அதே தெருவில் உள்ள போட்டியாளரிடம் போய்விடும். உங்கள் காசில் அவருக்கு விளம்பரம். அந்த எண் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது என்பதை ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் இந்த நிலை வராது.

ஒரு எழுத்துத் தவறினால் யாருக்கோ லாபம்

விற்காமலே, வாடகைக்கும் விடாமலே சம்பாதிக்கும் வழி ஒன்று உண்டு. பிறர் எண்ணுக்குப் பக்கத்து எண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு, விரல் தவறுபவர்களுக்காகக் காத்திருப்பது.

தொலைபேசிப் பொத்தான்களைக் கொஞ்சம் நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஆங்கிலத்தின் ‘ஓ’ எழுத்து இருப்பது 6-ல். பூஜ்யம் இருப்பது அடியில். ஹாலிடே இன் ஓட்டல் குழுமம், ‘ஹாலிடே’ என்ற ஆங்கிலச் சொல்லையே தன் முன்பதிவு எண்ணாக வைத்திருந்தது. எண்ணாக்கினால் 465-4329. அவசரத்தில் அழைப்பவர்கள் ‘ஓ’ எழுத்துக்குப் பதில் பூஜ்யத்தை அழுத்தினால் 405-4329. இந்த இரண்டாவது எண்ணை வேறொரு நிறுவனம் கைப்பற்றியது. தவறி வந்தவர்களுக்கு அறை பதிவு செய்து கொடுத்துக் கமிஷன் பார்த்தது.

ஹாலிடே இன் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் தடை விதித்தது. 1996-ல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கிவிட்டது. காரணம் என்ன தெரியுமா? அந்த நிறுவனம் ‘ஹாலிடே’ என்ற சொல்லை எங்கும் விளம்பரம் செய்யவில்லை. ‘நீங்கள் அழைத்தது ஹாலிடே இன் அல்ல’ என்று தொடக்கத்திலேயே அறிவிப்பும் வைத்திருந்தது. குழப்பத்தை அவர்கள் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த குழப்பத்தில் லாபம் பார்த்தார்கள், அவ்வளவுதான் என்றது தீர்ப்பு.

இதற்கு எதிரான ஒரு தீர்ப்பும் உண்டு. நியூயார்க்கில் ‘மெத்தை’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தன் உள்ளூர் எண்ணாக வைத்து ஒரு மெத்தை வியாபாரி பெயர் வாங்கியிருந்தார். போட்டியாளர் அதே ஏழு இலக்கங்களை 1-800-க்குப் பின்னால் வாங்கி, அதே சொல்லால் தன்னை அடையாளம் காட்டிக்கொண்டார். 1989-ல் இரண்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலில் வந்தவர் பக்கம் நின்றது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சொல்லைச் சொல்லி ஆளை இழுத்தால் மாட்டிக்கொள்வாய். வாய் மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் தப்பித்துக்கொள்வாய். சட்டத்தின் கண்ணில் இது சரியாக இருக்கலாம். ஆனால் அடுத்தவர் பல ஆண்டு விளம்பரம் செய்து வளர்த்த பெயரின் நிழலில், ஆள் தவறி விழுவதற்காகக் காத்திருந்து சம்பாதிப்பதை நேர்மை என்று எப்படிச் சொல்வது?

பெரிய நிறுவனங்களும் இதில் சளைத்தவை அல்ல. 1990-களில் ஏடி அண்ட் டி, ‘ஆபரேட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 1-800 எண்ணாக்கி, மறுமுனையில் இருப்பவர் காசு கட்டும் அழைப்புகளுக்கு விளம்பரம் செய்தது. போட்டி நிறுவனமான எம்.சி.ஐ., அந்தச் சொல்லைப் பலர் தப்பான எழுத்துக் கூட்டலில்தான் எழுதுவார்கள் என்று கணக்குப் போட்டு, அந்தத் தப்பான எழுத்துக்குரிய எண்ணை வாங்கிக்கொண்டது. இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி இலக்கம் ஒன்றே: 6-க்குப் பதில் 3. விளம்பரச் செலவு ஏடி அண்ட் டிக்கு; தவறி வந்த அழைப்புகள் எம்.சி.ஐ.க்கு.

பெரியவர்களிடையே நடந்தால் வேடிக்கை. நம் வீட்டுப் பெரியவர் தவறி அழுத்தினால் வேடிக்கை இல்லை. 2011-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. 1-800 எண்களில் ஏறக்குறைய கால் பங்கை ஒரே நிறுவனம் சத்தமில்லாமல் கையில் வைத்திருந்ததையும், அவற்றில் பலவற்றை அழைத்தால் ஆபாசப் பேச்சுச் சேவையின் விளம்பரம் கேட்டதையும் அது அம்பலப்படுத்தியது. பதுக்கலுக்குத் தடை வந்து 14 வருடம் கழித்து நிலைமை இது.

காசு கட்டுவது நீங்கள், சுரண்டுவது யாரோ

கட்டணமில்லா எண்ணில் அழைப்பவருக்கு மட்டும்தான் கட்டணம் இல்லை. ஒவ்வொரு நிமிடத்துக்கும் எண்ணை வைத்திருப்பவர் கட்டுகிறார். அந்தக் காசில் ஒரு பங்கு, அழைப்பு எந்தத் தொலைபேசி நிறுவனத்திலிருந்து கிளம்பியதோ அதற்குப் போகும் முறை நெடுநாள் இருந்தது. அழைப்பு கூடினால் வருமானம் கூடும். அழைப்பவர் மனிதராக இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

முதலில் தெருமுனைப் பொதுத் தொலைபேசியில் ஆரம்பித்தது. அதிலிருந்து யாராவது 1-800 எண்ணை அழைத்தால், தொலைபேசியை நிறுவியவருக்கு ஓர் அழைப்புக்கு இவ்வளவு என்று இழப்பீடு தர வேண்டும் என்று 1996-ன் தொலைத்தொடர்புச் சட்டம் வழி செய்தது. 2004-ல் அந்தத் தொகை 49.4 சென்ட். சிலர் தங்கள் பொதுத் தொலைபேசிகளில் தானாக அழைக்கும் கருவியைப் பொருத்தி, ராப்பகலாக 1-800 எண்களை அழைக்கவிட்டுக் காசு பார்த்தார்கள்; சிறைக்கும் போனார்கள்.

பிறகு அதே வேலையைக் கணினி செய்தது. ரோபோ அழைப்புகளை ஆயிரக்கணக்கில் கட்டணமில்லா எண்களுக்கு அனுப்பி, வரும் பங்கைப் பிரித்துக்கொண்டார்கள். எஃப்.சி.சி. 2020 அக்டோபரில் விதியைத் திருத்தி, அந்தப் பங்கின் பெரும் பகுதியை மூன்று ஆண்டில் படிப்படியாக நீக்க உத்தரவிட்டது. ஆசை காட்டும் காசு குறைந்ததே தவிர, குப்பை அழைப்பு ஒழிந்துவிடவில்லை.

உங்கள் பில்லை எடுத்து வைத்துப் பாருங்கள். கடை மூடிய பிறகு, இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அழைப்புகள் வந்திருக்கின்றனவா? எடுத்தால் பேச்சில்லையா? ‘விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும்’ என்ற பதிவுக் குரலைக் கேட்டபடியே அழைப்பு நிமிடக்கணக்கில் நீண்டிருக்கிறதா? வரிசையாக ஒரே வட்டார எண்ணிலிருந்து வந்திருக்கிறதா? அப்படியென்றால் அழைத்தது வாடிக்கையாளர் இல்லை. உங்கள் பையிலிருந்து யாரோ சில்லறை எடுக்கிறார்கள். சேவை நிறுவனத்துக்குப் பட்டியலோடு எழுதி, அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள். சில நொடிகளில் எந்தப் பொத்தானும் அழுத்தப்படாவிட்டால் இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

அழைப்பவரும் அஜாக்கிரதையாக இருக்கக் கூடாது

1-800 எண்ணை அழைத்தவரைக் காசு கட்டும் 900 எண்ணுக்குச் சத்தமில்லாமல் தள்ளிவிடும் தந்திரம் ஒரு காலத்தில் பெருகியிருந்தது. 1992-ல் இதற்கென்றே சட்டம் வந்தது; 1993-ல் மத்திய வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. விதிகளை அமலுக்குக் கொண்டுவந்தது. கட்டணமில்லா எண்ணை அழைத்ததற்காகவே உங்கள் பில்லில் காசு ஏற்றக் கூடாது. அங்கிருந்து 900 சேவைக்கு மாற்றிவிடவும் கூடாது. நீங்களே முன்கூட்டி ஒப்புக்கொண்டாலோ, கார்டு எண்ணைக் கொடுத்தாலோ கதை வேறு.

அந்த ‘கார்டு எண்ணைக் கொடுத்தால்’ என்பதில்தான் பொறி இருக்கிறது. வங்கிக்கென்று அழைத்தீர்கள், எடுத்தவுடன் ‘வாழ்த்துகள்! உங்களுக்கு நூறு டாலர் பரிசு’ என்கிறது குரல். அனுப்பும் செலவுக்கு மட்டும் கார்டு எண் கேட்கிறது. அது உங்கள் வங்கி அல்ல. ஓர் இலக்கம் தவறியிருக்கும், அல்லது 1-888 என்பதற்குப் பதில் 1-800 போட்டிருப்பீர்கள். பின்னால் வரும் ஏழு இலக்கமும் ஒன்றாக இருந்தாலும், முன்னால் உள்ள மூன்று மாறினால் ஆளே வேறு. உடனே வைத்துவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் 1800-ல் தொடங்குவது இலவசம். 1860-ல் தொடங்குவது இலவசமில்லை, அழைப்பவருக்கும் கட்டணம் உண்டு. இணையத்தில் தேடும்போது முதலில் கண்ணில் படும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணை நம்பி அழைத்து, எடுப்பவர் சொல்லும் செயலியைப் போனில் இறக்கிவிட்டால் கணக்கு துடைக்கப்படும். எண்ணை ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலோ பாஸ்புக்கிலோ பார்த்து அழையுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள்

• எண் வேண்டுமென்றால் ரெஸ்ப்ஆர்க் நிறுவனத்தையோ, அதன் வழியே சேவை தரும் தொலைபேசி நிறுவனத்தையோ நேரே அணுகுங்கள். யாரும் வைத்திராத எண் என்றால், மாதச் சந்தாவும் பேச்சுக் கட்டணமும்தான் செலவு. எண்ணுக்கென்று தனியாக ‘விலை’ கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

• பதிவேட்டில் சந்தாதாரர் பெயர் உங்கள் நிறுவனத்தின் பெயராக இருக்கட்டும். இணையதளம் செய்து கொடுத்தவர் பெயரிலோ, விளம்பர ஏஜென்சி பெயரிலோ இருந்தால் பிற்காலத்தில் அவரிடம் கைகட்டி நிற்க வேண்டியிருக்கும்.

• நிறுவனம் மாறும்போது அங்கீகாரக் கடிதம் கேட்பார்கள். அதை நிரப்பாமல் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த எண், எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தேதியில் என்று எழுதிய பிறகே போடுங்கள். பழைய பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். எண்ணை யாராவது அபகரித்தால் அவைதான் சாட்சி.

• புது எண் வாங்கும்போது, அடிக்கடி தவறி அழுத்தப்படக்கூடிய பக்கத்து எண்ணும் காலியாக இருந்தால் அதையும் சேர்த்து எடுத்து, உண்மையாகவே பயன்படுத்துங்கள். எழுத்தில் விளம்பரம் செய்தால் அடியில் இலக்கத்தையும் அச்சிடுங்கள். ‘ஓ’ எழுத்து உள்ள சொல்லைத் தவிர்த்தால் இன்னும் நல்லது.

• பழைய எண் வேண்டாம் என்று சட்டென்று துண்டிக்காதீர்கள். துண்டித்த எண் அதிகபட்சம் நான்கு மாதம் வரை ஒதுக்கி வைக்கப்பட்டு, பிறகு பொதுக் குவியலுக்குத் திரும்பும். அங்கே பறித்துக்கொள்ளக் காத்திருப்பவர்கள் உண்டு. உங்கள் பழைய விசிட்டிங் கார்டைப் பார்த்து அழைக்கும் வாடிக்கையாளருக்கு அவர்கள் விளம்பரம்தான் கேட்கும்.

• தரகர் வந்தால் மின்னஞ்சலை அழிக்காமல் வைத்து எஃப்.சி.சி.யின் புகார் பக்கத்தில் பதிவு செய்யுங்கள். கார்டு மோசடி என்றால் எஃப்.டி.சி.க்கும் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள்.

இத்தனையும் நினைவில் நிற்காவிட்டால் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்த எண் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது, இதற்குக் காசு கட்டுவது யார்? விற்க வந்தவர் இதற்கு நேரான பதில் சொல்லாமல் அவசரப்படுத்தினால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். இன்று இரவே பில்லை எடுத்து ஒருமுறை பாருங்கள். அதில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இல்லையென்றால் நாளைக் காலை முதல் வேலையாக அதைச் சரி செய்யுங்கள்.